வெளிநாட்டில் ஒரு வியாபாரக் கூட்டம்: பாஸ்போர்ட் மேசையிலிருந்து ஆரம்பிப்போம்

பண்ருட்டி முந்திரி வியாபாரியோ, கடலூர் சிப்காட் பக்கத்துக் கம்பெனிக்காரரோ, புதுச்சேரியில் பைப்பும் பெயின்டும் எடுத்து விற்கிற டிஸ்ட்ரிபியூட்டரோ, யார் போன் செய்தாலும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பாங்காக்ல நல்ல ஹால் எவ்வளவு வரும்?" டீலர்களை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய் ஆண்டுக் கூட்டம் நடத்துவது நம் பக்கத்துச் சின்னக் கம்பெனிகளுக்கும் இப்போது வழக்கமாகிவிட்டது. புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு அந்த ஏற்பாடுகளைச் செய்து கொடுப்பதுதான் என் தொழில். நான் சொல்கிற பதிலும் எப்போதும் ஒன்றுதான். ஹாலை அப்புறம் பார்க்கலாம், முதலில் வருகிறவர்கள் எல்லாருடைய பாஸ்போர்ட் நகலையும் அனுப்புங்கள். சிலருக்கு இதைக் கேட்டதும் சலிப்பு வரும். ஹால் விலை கேட்டால் இவன் காகிதம் கேட்கிறானே என்று நினைப்பார்கள்.

ஹால் என்பது பணம் கொடுத்தால் கிடைக்கிற பொருள். பாங்காக்கில் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று. ஆனால் பட்டியலில் இருக்கிற 40 பேரில் யாருக்கு வந்து சேர்வது மிகக் கஷ்டமோ, அவரை வைத்துத்தான் நாடு, தேதி, சாப்பாட்டு நேரம் எல்லாம் முடிவாக வேண்டும். அவரைக் கடைசியில் கண்டுபிடித்தால் அவர் வரமாட்டார், அல்லது அவருக்காக எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும், அதுவும் இரட்டிப்புச் செலவில்.

போன வருஷம் ஒரு பைப் கம்பெனிக்காக 42 பாஸ்போர்ட்டுகளை எங்கள் அலுவலக மேசையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். இதை எப்போதும் நான் கையாலேயே செய்வேன். முதலில் காலாவதித் தேதி. தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், துபாய் எங்கே போனாலும் ஆறு மாதம் மிச்சம் இருப்பது நல்லது. ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்கு அங்கிருந்து திரும்பும் நாளுக்கு அப்புறம் மூன்று மாதம் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் வழங்கிப் பத்து வருஷத்துக்குள் இருக்க வேண்டும். அடுத்தது காலிப் பக்கங்கள். அதற்கும் அடுத்தது பெயர். தமிழ் ஆட்களுக்குப் பிரச்சினை வருவது இங்கேதான். நாம் இனிஷியல் போட்டு வாழ்கிறவர்கள், குடும்பப் பெயர் என்ற ஒன்று நமக்கு இல்லை. பாஸ்போர்ட் படிவத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டவர்கள் ஏராளம். நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஒரு பெரிய டீலர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், அவருடைய பாஸ்போர்ட்டில் பெயர் ஒரே சொல்லாக இருந்தது. நான் எடுத்துச் சொன்னதும், "தம்பி, அம்பது வருஷமா இந்தப் பேர்லதான் கடை நடத்துறேன், பேங்க்லயும் இதே பேருதான், இப்ப அப்பா பேரை எதுக்கு ஒட்டணும்?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாவது பக்கத்தில் இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று பிறகு ஒரு விளக்கம் வந்தது, ஆனாலும் கவுன்டரில் நிற்கிறவருக்கு அந்தப் பதற்றம் போவதில்லை. அந்தக் கம்பெனி அப்போது துபாய் போவதாகத்தான் இருந்தது. "ஐயா, இப்பவே ரீ-இஷ்யூவுக்குப் போட்டுடுவோம், நமக்கு நாலு மாசம் இருக்கு" என்று சொன்னேன். நாலு வாரம்தான் மிச்சம் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

பெயரில் இன்னொரு விஷயமும் உண்டு. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியிருப்பார்கள், ஆதாரில் ஒற்றை எழுத்தாக இருக்கும், கம்பெனியிலிருந்து எங்களுக்கு வருகிற பட்டியலில் வாயால் கூப்பிடுகிற பெயர் இருக்கும். டிக்கெட்டும் விசாவும், யாருக்கு எந்த அறை என்கிற ரூமிங் லிஸ்டும் பாஸ்போர்ட்டில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதன்படிதான் போக வேண்டும். வியட்நாமின் இ-விசாவில் ஓர் எழுத்து மாறினாலும் சிக்கல்தான். எக்ஸெல் பட்டியலை நான் நம்புவதே இல்லை.

புதுச்சேரிக்கு மட்டுமே உரிய ஒன்று இருக்கிறது. நம் ஊர்க் குழுவில் இரண்டு மூன்று பேர் பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர்களாக இருப்பார்கள். 1962 ஆகஸ்டில் புதுச்சேரி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குச் சட்டப்படி மாறி முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் வாரிசுகள் அவர்கள். வியட்நாமுக்கு மற்றவர்கள் இ-விசா எடுக்க வேண்டும், இவர்கள் 45 நாள் வரை விசா இல்லாமலே போகலாம். பாரிஸ் என்றால் இவர்களுக்கு எந்தக் கேள்வியும் இல்லை, கூடவே போகிற 38 பேருக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஆனால் திரும்பி வரும்போது இவர்கள்தான் ஓசிஐ அட்டையை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருகிற அட்டையை, மறக்காமல் கையில் வைத்திருக்க வேண்டும். ஒரே பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு இரண்டு விதமான செக்-லிஸ்ட். முன்கூட்டியே கேட்டுவிட்டால் இதில் ஒரு கஷ்டமும் இல்லை.

விசாவைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை, விதிகள் அடிக்கடி மாறுகின்றன, பணம் கட்டுமுன் அந்தந்தத் தூதரகத் தளத்தைப் பார்த்துவிட வேண்டும். 2023 டிசம்பரில் மலேசியா இந்தியர்களுக்கு விசாவை விலக்கியது. 2023 ஆகஸ்டிலிருந்து வியட்நாம் 90 நாள் இ-விசா தருகிறது. தாய்லாந்துக்குப் போகிற ஒவ்வொருவரும் 2025 மே முதல் இணையத்திலேயே வருகை அட்டை நிரப்ப வேண்டும். ஷெங்கனுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்னால் போட்டாக வேண்டும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்குப் போகிற 40 பேரிடம் "கவுன்டர்ல டூரிஸ்ட்னு சொல்லிடுங்க" என்று சொல்லிக் கொடுக்கிற ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். அது தப்பு. ஒரே மாதிரி டேக் மாட்டிய பையுடன் ஒரே வரிசையில் நிற்கிற 40 பேரில் ஒருவர் மாற்றிச் சொன்னாலே அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிடும், அப்புறம் கேள்வி எல்லாருக்கும்தான். கூட்டத்தில் உட்கார்ந்து கேட்பது, கலந்து பேசுவது எல்லாம் பெரும்பாலான நாடுகளில் பிசினஸ் விசிட்டராக வருகிறவருக்கு அனுமதிக்கப்பட்டதுதான். கடை போட்டு விற்பதும் சம்பளத்துக்கு வேலை செய்வதும்தான் வேறு கணக்கு. ஹோட்டலோ அங்கிருக்கிற கூட்டாளி நிறுவனமோ கொடுத்த அழைப்புக் கடிதத்தின் நகலை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்வேன்.

அடுத்தது தேதி. பெயருக்கு அடுத்து மிகவும் கவனம் வேண்டிய இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

சில வருஷத்துக்கு முன்னால் கொழும்பில் 30 பேருக்கு ஒரு கூட்டம். ஹோட்டல், ஹால், பஸ் எல்லாம் உறுதி. இரண்டாம் நாள் இரவு பெரிய விருந்து என்று முதலாளி டீலர்கள் எல்லாருக்கும் சொல்லியிருந்தார். புறப்பட மூன்று நாள் இருக்கும்போது ஹோட்டலிலிருந்து போன்: அன்றைக்குப் போயா தினம், மது கொடுக்க முடியாது, இறைச்சியும் கிடையாது. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை, அன்று மதுவும் இறைச்சியும் விற்கத் தடை. ஒப்பந்தம் போட்ட அன்றே ஹோட்டல்காரர்கள் சொல்லியிருக்க வேண்டும் என்று கோபம் வந்தது. ஆனால் என் வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரிலேயே பௌர்ணமி என்று அச்சாகியிருந்தது, அதை நான் பார்த்திருக்க வேண்டும். விருந்தை முதல் நாள் இரவுக்கு மாற்றினோம், விமானத்தில் வந்து இறங்கிய களைப்போடு எல்லாரும் உட்கார்ந்தார்கள். அலங்காரக்காரருக்கும் பாட்டுக்காரருக்கும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எந்த நாடானாலும் அந்த நாட்டு விடுமுறைப் பட்டியலைத்தான் முதலில் எடுத்து வைக்கிறேன்.

தாய்லாந்தில் ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான், அவர்களுடைய புத்தாண்டு. நமக்கும் அதே நேரத்தில் சித்திரை முதல் நாள் விடுமுறை வருவதால் "அப்ப எல்லாரும் ஃப்ரீதானே, அப்பவே போயிடலாம்" என்று கேட்பவர்கள் உண்டு. தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றி விளையாடுகிற அந்த மூன்று நாளில் விமான டிக்கெட்டும் அறையும் ஏறியிருக்கும், அலுவலகங்கள் மூடியிருக்கும். வியட்நாமில் டெட் என்கிற அவர்களுடைய புத்தாண்டு, மலேசியாவிலும் வளைகுடாவிலும் ரமலான் மாதத்துப் பகல் நேரம், இதையெல்லாம் பார்க்க வேண்டும். அமீரகத்தில் 2022 ஜனவரியிலிருந்து அரசு வார விடுமுறை சனி, ஞாயிறு, வெள்ளி அரை நாள். சவூதியில் இன்னும் வெள்ளி, சனிதான். திங்களன்று ரியாத்தில் ஒரு சந்திப்பு, அதே வார வெள்ளியன்று துபாயில் இன்னொன்று என்று போட்டால் வெள்ளி மதியத்துக்கு மேல் யாரையும் பிடிக்க முடியாது.

நம் ஊர்க் காலண்டரையும் பார்க்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெளிநாட்டில் நவம்பர், டிசம்பரில் பருவம் அருமையாக இருக்கும். ஆனால் நாம் ஏறுவது சென்னையில், அதற்கு முன்னால் புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் சாலை, கடலூர்க்காரர்களுக்கு அதற்கும் மேல். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறி பண்ருட்டி முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் வந்தபோது சென்னை விமான நிலையத்தையே மறுநாள் அதிகாலை வரை மூடி வைத்தார்கள். அந்த வாரத்தில் யாராவது குழுவாகக் கிளம்ப இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதனால் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் பாதி வரை நான் குழுப் பயணம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். கட்டாயம் என்றால் ஒரு நாள் முன்னாலேயே சென்னையில் போய்த் தங்கிவிட வேண்டும், அந்த ஒரு ராத்திரிச் செலவை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

நாடும் தேதியும் முடிவான பிறகு வேண்டியது அந்த ஊரில் ஒரு ஆள். புதுச்சேரிக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே டூப்ளெக்ஸ் பிரெஞ்சு கவர்னராக இருந்த காலத்தில் நவாபுகளோடும் வியாபாரிகளோடும் எந்தச் சந்திப்பு நடந்தாலும் நடுவில் ஒரு துபாஷி, அதாவது இரு பக்கத்துக்கும் மொழிபெயர்த்துப் பேசுகிறவர், நின்றார். டூப்ளெக்ஸின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும், யார் எந்த வாசலில் வரவேற்கப்பட்டார், எத்தனை பீரங்கி முழங்கியது, என்ன வெகுமதி கொடுத்தார்கள், வெற்றிலை பாக்கு எப்போது வந்தது என்று அவர் ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறார். அந்த விவரங்களில்தான் காரியம் நடந்தது. இன்றைக்கு எங்கள் தொழிலில் அந்த இடத்தில் இருப்பவரை லேண்ட் ஆபரேட்டர் அல்லது டிஎம்சி என்கிறோம். பஸ், வழிகாட்டி, ஹோட்டலோடு பேரம், ஆஸ்பத்திரி அவசரம் எல்லாம் அவர் கையில். கூட்டத்தை நடத்துவதே ஒரு சங்கமாக இருந்தால் அந்த நாட்டுச் சங்கமோ நிறுவனமோ சேர்ந்து அழைக்க வேண்டும். உலகத் தமிழ் மாநாட்டின் வரலாறே இதற்கு உதாரணம். முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடந்தது. 1970இல் மூன்றாவது மாநாடு பாரிசில் நடந்தபோது அங்கே தாங்கி நின்றவர்களில் ழான் ஃபிலியோசா முக்கியமானவர், 1955இல் தொடங்கிய நம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் முதல் இயக்குநர். அந்த மாநாட்டுக் கட்டுரைகளையும் புதுச்சேரியிலிருந்து அந்த நிறுவனம்தான் வெளியிட்டது. தமிழர்கள் அதிகம் வாழாத ஊரில் தமிழுக்கு மாநாடு கூட்ட, உள்ளே இருந்து கதவைத் திறக்க ஒருவர் வேண்டியிருந்தது.

சரி, இப்போது ஹோட்டல் ஒப்பந்தம். 12 பக்கம் இருக்கும், யாரும் படிப்பதில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்கு அனுப்புவார்கள். படிக்க வேண்டிய இடங்கள் மூன்று நான்குதான். ஒன்று, எத்தனை அறையைப் பிடித்து வைக்கிறார்கள், அதில் எத்தனை குறைந்தால் தண்டம் கட்ட வேண்டாம் என்பது. உதாரணமாக 40 அறை பிடித்து, 20 சதவீதம் குறையலாம் என்று எழுதியிருந்தால் 32 அறைக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும். 28 அறைக்குத்தான் ஆள் வந்தால் 4 காலி அறைக்கு நீங்கள் வாடகை கொடுக்கிறீர்கள். அதனால்தான் பாஸ்போர்ட் பட்டியல் முடியாமல் அறை எண்ணிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள் என்கிறேன். இன்னொன்று, எந்தத் தேதிக்குள் ரத்து செய்தால் எவ்வளவு போகும் என்ற படிக்கட்டு. பிறகு, யார் கையிலும் இல்லாத காரணத்தால் கூட்டம் நின்றால் என்ன என்ற பிரிவு. பார்சிலோனாவில் நடக்க இருந்த மொபைல் வேர்ல்டு காங்கிரஸ் என்ற பெரிய செல்போன் துறைக் கண்காட்சியை, நடத்துகிறவர்களே 2020 பிப்ரவரி 12 அன்று ரத்து செய்தார்கள். உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொன்னது மார்ச் 11 அன்றுதான். அரசு தடை போடுவதற்கு முன்னாலேயே பயத்தினால் நீங்களாக நிறுத்தினால் அது அந்தப் பிரிவில் வருமா வராதா என்பது ஒப்பந்தத்தில் இருக்கிற வார்த்தைகளைப் பொறுத்தது. புயல், தொற்று, விமான நிலையம் மூடல், விசா மறுப்பு என்று பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள். பொதுவாக எழுதியிருப்பது நெருக்கடியில் உதவாது.

விலை சொல்லும்போது கூடவே "பிளஸ் பிளஸ்" என்பார்கள். அதற்கு அர்த்தம் சேவைக் கட்டணமும் வரியும் தனி. சிங்கப்பூரில் 100 டாலர் என்றால் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்து 110, அதன் மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 119 டாலர் 90 சென்ட். பாங்காக்கில் 10, அதன் மேல் 7. ஒரு சாப்பாடு ஆளுக்கு 1,000 பாட் என்று கணக்குப் போட்டு 42 பேருக்கு 42,000 என்று எழுதி வைத்திருப்பீர்கள், பில் 49,434 வரும். ஒரு வேளைக்கு இவ்வளவு என்றால் மூன்று நாளுக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் அனுப்புவதற்கு வங்கியில் ஏ2 படிவம், டூர் பேக்கேஜாக வாங்கினால் 2020 அக்டோபரிலிருந்து டிசிஎஸ், அதாவது விற்கிறவரே முன்கூட்டி வசூலிக்கிற வரிப் பிடித்தம். இந்த விகிதத்தை மூன்று நான்கு முறை மாற்றிவிட்டார்கள், ஆடிட்டரிடம் அன்றைய நிலவரத்தைக் கேளுங்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். வெளிநாட்டு நோட்டாக ஓர் ஆள் ஒரு பயணத்துக்கு 3,000 டாலருக்கு மேல் எடுத்துப்போக முடியாது, மீதி, வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில்.

மேடை விஷயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு ஆசை, குத்துவிளக்கு ஏற்றித்தான் தொடங்க வேண்டும். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் ஹோட்டல் ஹாலில் புகை உணர்கருவி இருக்கும், முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கி, அணைப்பான் வைத்துக்கொண்டு ஓர் ஆள் நின்றால் பல ஹோட்டல்களில் விடுவார்கள். கற்பூரத்தை விமானத்தில் எடுத்துப்போகவே கூடாது, தீப்பற்றும் பொருள். கொப்பரைத் தேங்காயும் செக்-இன் பையில் தடை. விளக்கையும் திரியையும் எடுத்துக்கொண்டு எண்ணெயை அங்கேயே வாங்கிக்கொள்வோம். புதுப் பொருளை டீலர்களுக்குக் காட்ட மாதிரிகள், மெஷின்கள் கொண்டுபோவதானால் ஏடிஏ கார்னே என்ற ஆவணம் இருக்கிறது, இந்தியாவில் ஃபிக்கி என்ற வணிகக் கூட்டமைப்பு தருகிறது. சுங்கவரி கட்டாமல் உள்ளே கொண்டுபோய், ஒரு வருஷத்துக்குள் அதே பொருளைத் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும். காட்டிவிட்டு அங்கேயே யாருக்காவது அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டால் வரி வரும்.

பைகளைப் பற்றி ஒரு கண்டிப்பான வேண்டுகோள். துபாய், சவூதி, சிங்கப்பூர் போகிறவர்கள் பையில் கசகசா இருக்கவே கூடாது. அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். குருமாவுக்கு அரைத்த பொடியாக வீட்டிலிருந்து கொடுத்தனுப்புவார்கள், அம்மாவோ மனைவியோ ஆசையாக வைத்ததுதான், ஆனால் விமான நிலையத்தில் அது யாருக்கும் புரியாது. கோடீன், டிராமடால் கலந்த வலி மாத்திரைகளுக்கும் அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நானே போன் செய்து இதைச் சொல்கிறேன், பெரும்பாலும் அவர்களுடைய மனைவியிடம்தான், ஏனென்றால் பை கட்டுவது அவர்கள்தான்.

சாப்பாட்டில் நம்மவர்களின் சர்க்கரை நோயை மறக்கவே கூடாது. 40 பேரில் பத்துப் பேருக்காவது இருக்கும். துபாயில் ராத்திரி 9 மணிக்கு விருந்து தொடங்கினால் உடம்புக்கு அது இந்திய நேரம் 10.30. பேச்சு, பரிசு எல்லாம் முடிந்து தட்டு வர 11.30 ஆகிவிடும். இன்சுலின் போடுகிறவர் என்ன செய்வார்? பரிசளிப்பைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வையுங்கள், அல்லது ஏழரைக்கே தயிர்சாதமும் ஒரு சூப்பும் ஓரமாக இருக்கட்டும். ஹோட்டலில் கேட்டால் செய்து தருகிறார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை.

மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் இரண்டு பேராக எடுங்கள், உடனுக்குடன் சொல்கிறவர்கள் அரைமணிக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள், ஒருவரால் நாள் முழுக்க முடியாது. சிங்கப்பூரிலும் இலங்கையிலும் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, தமிழிலேயே கூட்டத்தை நடத்தினால் யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். நம் டீலர்கள் இங்கிலீஷில் தலையாட்டிவிட்டு வெளியே வந்து பக்கத்தில் இருப்பவரிடம் "என்ன சொன்னாங்க?" என்று கேட்பதைப் பார்க்கும்போது கஷ்டமாக இருக்கும்.

அந்தப் பைப் கம்பெனி கடைசியில் துபாய் போகவில்லை, முழங்கால் வலிக்காரர்கள் மூன்று பேர், ஒற்றைப் பெயர்க்காரர்கள் நால்வர், பயண நேரம் எல்லாம் பார்த்து கோலாலம்பூர் என்று மாற்றினோம். ராத்திரி பஸ் கிளம்புமுன் கதவருகே நின்று ஒவ்வொரு பாஸ்போர்ட்டாக வாங்கிப் பெயரைச் சத்தமாக வாசித்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நெல்லிக்குப்பத்துப் பெரியவர் முறை வந்தபோது புதுப் பாஸ்போர்ட்டை அவரே திறந்து காட்டினார். "எங்க அப்பா பேரையும் சேத்துப் படி தம்பி" என்றார். படித்தேன்.